பொங்குற பாலும் பதறுற மனசும்

(மாதப் பாடம்: மன அழுத்தமும் மன உறுதியும்)



இந்த மாதப் பாடம் கணக்குப் புத்தகத்தைப் பற்றியது இல்லை. சேமிப்பு, உள்கடன், தீர்மானம் எழுதுவது இதையெல்லாம் நிறையப் பேசிவிட்டோம். இந்த முறை அந்தக் கணக்கையெல்லாம் சுமக்கிற நம்ம மனசைப் பற்றிப் பேசப் போகிறோம். படிக்கத் தெரிந்த ஒருவர் குழுக் கூட்டத்தில் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம். ஒரே கூட்டத்தில் முடிக்க முடியாவிட்டால் இரண்டு கூட்டமாகப் பிரித்துக் கொள்ளுங்கள்.

ஒரு சகோதரி கேட்ட கேள்வி

நம் கூட்டமைப்பில் உள்ள ஒரு குழுவில் ஓர் உறுப்பினர் தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வரவில்லை. கறவை மாட்டுக் கடன் வாங்கியிருந்தவர். சினையாக இருந்த மாடு திடீரென்று செத்துப் போனது. காப்பீட்டுப் பணமும் வந்து சேரவில்லை. மூன்று தவணை நிலுவை. கூட்டத்துக்கு வந்தால் பத்து பேர் முன்னால் தலைகுனிய வேண்டுமே என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்.

ஊக்குநரும் பிரதிநிதிகளும் அவர் வீட்டுக்குப் போனபோது நாங்களும் போயிருந்தோம். வழக்கமாகச் சொல்வதையே எல்லோரும் சொன்னோம். "தைரியமா இரும்மா. எல்லாம் சரியாயிடும். நல்லதையே நெனை."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "எல்லாரும் தைரியமா இரு, தைரியமா இருன்னு சொல்றீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்து நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குதே, அந்த நேரத்துல தைரியத்த எங்கக்கா போயி தேடறது?"

எங்களில் ஒருத்திக்கும் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதுதான் இந்தப் பாடம்.

மன அழுத்தம் என்றால் என்ன?

தெருவில் நடந்து போகிறோம். வெறிநாய் ஒன்று பாய்ந்து வருகிறது. யோசிப்பதற்கு முன்னாலேயே உடம்பு வேலையைத் தொடங்கிவிடுகிறது. நெஞ்சு வேகமாக அடிக்கும், மூச்சு வாங்கும், வாய் உலரும், கை கால் விறைக்கும். அட்ரினலின், கார்டிசால் என்ற சுரப்புகள் ரத்தத்தில் கலந்து, ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடம்பைத் தயார் செய்கின்றன. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வால்டர் கேனன் என்ற விஞ்ஞானி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதை விளக்கினார். இது நோய் இல்லை. நம்மைக் காப்பாற்ற உடம்பு செய்து வைத்திருக்கும் ஏற்பாடு.

நாய் போய்விட்டால் கொஞ்ச நேரத்தில் படபடப்பு அடங்கிவிடும். ஆனால் கடன் நாய் மாதிரி போய்விடாது. வார வட்டிக்காரர் வருகிற செவ்வாய்க்கிழமை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், குடித்துவிட்டு வரும் கணவர், மாமியாரின் வைத்தியச் செலவு எல்லாம் தினமும் வாசலில் நிற்கின்றன. அதனால் உடம்பு இறங்கவே நேரமில்லாமல் எப்போதும் ஓடத் தயாராகவே இருக்கிறது. மாதக்கணக்கில் இப்படி இருந்தால் தூக்கம் கெடும், தலைவலி, வயிற்றெரிச்சல், இரத்தக் கொதிப்பு வரும், சின்ன விஷயத்துக்கும் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவோம். "எனக்கு என்னமோ ஆயிடுச்சு, நான் முன்ன மாதிரி இல்ல" என்று பல சகோதரிகள் சொல்வது இதைத்தான்.

பணக் கவலை புத்தியையும் பிடித்துக்கொள்ளும்

நம் தமிழ்நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வைச் சொல்கிறோம். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை ஆய்வாளர்கள் சந்தித்தார்கள். கரும்புப் பணம் வருவதற்கு முன்னால் ஒரு முறை, வந்த பின்னால் ஒரு முறை, அதே ஆட்களுக்குச் சில புதிர்களும் எண் விளையாட்டுகளும் கொடுத்துப் பார்த்தார்கள். நகையை அடகு வைப்பதும் கைமாற்று வாங்குவதும் அறுவடைக்கு முன்னால்தான் அதிகமாக இருந்தது. அந்த நேரத்தில் அதே விவசாயிகள் புதிர்களை மெதுவாகவும் தப்பாகவும் போட்டார்கள். பணம் கைக்கு வந்த பிறகு நன்றாகப் போட்டார்கள். இந்த ஆய்வு 2013-இல் வெளியானது.

பணக் கவலை மனசில் ஓடிக்கொண்டே இருக்கும்போது மற்றதை யோசிக்க இடம் குறைந்துபோகிறது என்பதுதான் அவர்கள் சொன்ன முடிவு. பாஸ் புத்தகத்தை எங்கே வைத்தோம் என்று மறந்தாலும், அடுப்பில் வைத்த குழம்பு தீய்ந்தாலும் "நான் ஒரு மக்கு" என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். சுமை அதிகமானால் யாருக்கும் இப்படித்தான் ஆகும்.

பால் பொங்கும்போது நாம் என்ன செய்கிறோம்?

இந்த இடத்தில் எல்லோரும் ஒரு நிமிடம் அடுப்படியை நினைத்துக்கொள்ளுங்கள். பால் காய்ச்சும்போது மூன்று வேலை செய்கிறோம்.

1. பக்கத்திலேயே நின்று பார்க்கிறோம். அந்தண்டை இந்தண்டை போனால் பொங்கி வழிந்துவிடும்.

2. பொங்கி வரும்போது கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறோம். உடனே அடங்குகிறது.

3. அடுப்பைத் தணிக்கிறோம். இதைச் செய்யாவிட்டால் எத்தனை முறை தண்ணீர் தெளித்தாலும் திரும்பத் திரும்பப் பொங்கும்.

மனசுக்கும் இந்த மூன்று வேலையும் உண்டு. பக்கத்தில் நின்று பார்ப்பது கவனம். தண்ணீர் தெளிப்பது சின்னச் சின்ன நல்ல உணர்வுகள். அடுப்பைத் தணிப்பது பிரச்சினையின் காரணத்தைச் சரி செய்வது. மன உறுதி என்று நாம் சொல்வது இந்த மூன்றும் சேர்ந்ததுதான். முதலில் தண்ணீர் தெளிப்பதைப் பார்ப்போம்.

தைரியசாலிக்கு நெஞ்சு படபடக்காதா?

பார்பரா ஃபிரெட்ரிக்சன் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியை, தன் குழுவினருடன் சேர்ந்து செய்த ஓர் ஆய்வை 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார். கல்லூரி மாணவர்களைக் கூப்பிட்டு, "ஒரு நிமிடத்தில் ஒரு பேச்சைத் தயார் செய்யுங்கள். வீடியோ எடுக்கப் போகிறோம்" என்றார்கள். எல்லோருக்கும் நெஞ்சு வேகமாக அடித்தது, இரத்த அழுத்தம் ஏறியது. உடனே அவர்களுக்குச் சின்னப் படம் ஒன்றைக் காட்டினார்கள். சிலருக்கு நாய்க்குட்டி விளையாடும் காட்சி. சிலருக்குக் கடலலை. சிலருக்கு எந்த உணர்வும் தராத ஒரு காட்சி. சிலருக்கு அழுகை வரவைக்கும் காட்சி.

நாய்க்குட்டியையும் கடலலையையும் பார்த்தவர்களுக்குப் படபடப்பு சீக்கிரம் இறங்கியது. அழுகைக் காட்சி பார்த்தவர்களுக்கு இறங்க ரொம்ப நேரம் ஆனது. ஒரு சின்னச் சிரிப்பும், ஒரு சின்ன நிம்மதியும், ஏறிய உடம்பை இறக்கிவிடுகின்றன என்று இதிலிருந்து தெரிந்தது.

2004-இல் மிஷேல் டுகாடே என்பவர் அதே பேராசிரியையுடன் சேர்ந்து இன்னொரு ஆய்வை வெளியிட்டார். எதையும் தாங்கி மீண்டு வருகிறவர்கள் யார், அப்படி வர முடியாதவர்கள் யார் என்று கேள்விகள் மூலம் அறிந்துகொண்டு, இரண்டு பேருக்கும் இதே மாதிரி பேச்சுச் சோதனை வைத்தார்கள். மன உறுதி உள்ளவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே நெஞ்சு படபடத்தது. பயமும் இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு நடுவிலேயே அவர்களுக்குக் கொஞ்சம் ஆர்வமும் சந்தோஷமும் இருந்தது. அதனால் படபடப்பு சீக்கிரம் அடங்கியது.

சகோதரிகளே, இதை நன்றாக மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். தைரியம் என்றால் நெஞ்சு அடிக்காமல் இருப்பது இல்லை. ஏற்றம் எல்லோருக்கும் உண்டு. சீக்கிரம் இறங்குவதில்தான் வித்தியாசம். இறங்குவதைப் பழகிக்கொள்ளலாம்.

இன்னொரு நன்மையும் இருக்கிறது. பயத்தில் இருக்கும்போது ஒரே ஒரு வழிதான் கண்ணுக்குத் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு "இனி நமக்கு வேற வழியே இல்ல" என்று தோன்றுவது அதனால்தான். மனசு கொஞ்சம் லேசானால் பார்வை விரியும், இரண்டாவது வழி, மூன்றாவது வழி கண்ணில் படும். நல்ல உணர்வுகள் யோசனையை விரிவாக்குகின்றன, அப்படி விரியும்போது உறவும் திறமையும் தெம்பும் சேமிப்பு மாதிரி சேர்கின்றன என்று 1998 முதல் ஃபிரெட்ரிக்சன் எழுதி வந்திருக்கிறார். வாராவாரம் சிறுகச் சேமித்து ஆபத்துக்கு எடுக்கிற நமக்கு இது புரியாத விஷயம் இல்லை.

கஷ்டமும் சந்தோஷமும் ஒரே வீட்டில்

"வீட்ல இவ்ளோ கஷ்டம் இருக்கு, இதுல சிரிப்பு ஒரு கேடா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

1990-களில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் சூசன் ஃபோக்மன் என்ற ஆய்வாளர், எய்ட்ஸ் நோயால் சாகும் நிலையில் இருந்தவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்ட துணைவர்களைப் பல மாதம் தொடர்ந்து சந்தித்தார். அப்போது அந்த நோயைக் கட்டுப்படுத்தும் நல்ல மருந்து வரவில்லை. அவர்களிடம் கஷ்டத்தைப் பற்றியே கேள்விகள் கேட்கப்பட்டன. கொஞ்ச நாளிலேயே அவர்கள், "கஷ்டத்தை மட்டுமே கேட்கிறீர்களே, எங்களுக்கு நடந்த நல்லதை ஏன் கேட்கவில்லை?" என்று திருப்பிக் கேட்டார்கள். ஆய்வாளர்கள் அந்தக் கேள்வியையும் சேர்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஏறக்குறைய எல்லாச் சந்திப்பிலும் ஏதாவது ஒரு நல்லதை அவர்களால் சொல்ல முடிந்தது. நோயாளி விரும்பிக் கேட்ட சாப்பாட்டைச் செய்து கொடுத்தது, நண்பர் ஒருவர் சொன்ன நல்ல வார்த்தை மாதிரி சின்னச் சின்ன விஷயங்கள்தான்.

அவர்களுடைய துக்கம் மறைந்துவிடவில்லை. துக்கமும் இருந்தது, நல்லதும் இருந்தது. அந்த நல்ல நேரம்தான் அவர்களுக்கு மூச்சு விட இடம் கொடுத்தது. ஆகவே கஷ்டத்தில் சிரித்தால் தப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம். சிரிக்கும் பெண்ணைப் பார்த்து, "இவளுக்கு என்ன கஷ்டம்?" என்று புறம் பேசவும் வேண்டாம்.

பக்கத்தில் நின்று பார்ப்பது எப்படி?

நல்ல நேரம் நம் வீட்டிலும் வருகிறது. ஆனால் நாம் கவனிப்பதில்லை. கை பாத்திரம் தேய்க்கும், மனசு நாளைக்குக் கட்ட வேண்டிய தவணையில் இருக்கும். பிள்ளை வந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும், நாம் "போடா அந்தண்ட" என்போம்.

இப்போது நடப்பதை, நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல், முழுக் கவனத்தோடு பார்ப்பதை ஆங்கிலத்தில் மைண்ட்ஃபுல்னெஸ் என்கிறார்கள். நாம் கவனத்தோடு இருத்தல் என்று சொல்லுவோம். புத்தர் வழியில் வந்த தியான முறைகளிலிருந்து இதை எடுத்து, 1979-இல் ஜான் கபாட்-சின் என்பவர் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் எட்டு வாரப் பயிற்சியாக ஆக்கினார். தீராத வலியோடு வந்த நோயாளிகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். அதில் ஒரு பயிற்சி, ஓர் உலர்ந்த திராட்சையைப் பார்த்து, தொட்டு, முகர்ந்து, மெதுவாக மென்று சாப்பிடுவது. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் ஒரு திராட்சையைக் கவனிக்கப் பழகினால்தான் தன் மனசில் பொங்கி வருவதையும் கவனிக்க முடியும்.

கவனம் இரண்டு வேலை செய்கிறது. கோபமோ பயமோ பொங்கி வழிவதற்கு முன்னாலேயே "வருது, வருது" என்று காட்டிக்கொடுக்கிறது. அத்தோடு கண்ணில் படாமல் போகிற நல்லதையும் கண்ணில் பட வைக்கிறது. இதற்குச் செலவு இல்லை. எந்த மதத்தவரும் செய்யலாம்.

செய்து பார்ப்போம்: நான்கு சின்னப் பயிற்சிகள்

பயிற்சி 1: நீண்ட மூச்சு

படபடப்பு வரும்போது மூச்சைச் சாதாரணமாக இழுங்கள். விடும்போது மட்டும் மெதுவாக, நீளமாக, சூடான டீயை ஊதுவது மாதிரி விடுங்கள். பத்து முறை செய்யுங்கள். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு இயற்கையாகவே மெதுவாகும். ராத்திரி இரண்டு மணிக்குப் படுத்தபடியே செய்யலாம்.

பயிற்சி 2: பெயர் வைத்தல்

மனசு பாரமாக இருக்கும்போது, "எனக்கு இப்ப என்ன?" என்று கேட்டு, ஒரு வார்த்தையில் பதில் சொல்லுங்கள். பயம், அவமானம், கோபம், அசதி, ஏக்கம். உணர்ச்சிக்கு வார்த்தை கொடுத்தால் மூளையில் பயத்தைக் கிளப்பும் பகுதியின் வேகம் குறைகிறது என்று 2007-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. "எனக்கு ஒண்ணுமில்ல" என்பது பெயர் இல்லை!

பயிற்சி 3: ஒரு வேலை, முழுக் கவனம்

தினமும் செய்கிற ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். கோலம் போடுவது, பூக் கட்டுவது, மாவு பிசைவது, தண்ணீர் சேந்துவது எதுவானாலும் சரி. ஐந்து நிமிடம் அந்த வேலை மட்டும். விரலில் மாவு படுவது, தரையின் ஈரம், காக்கா சத்தம் இதைக் கவனியுங்கள். மனசு கடனுக்கு ஓடும். ஓடட்டும். திட்டாமல் திருப்பிக் கூட்டி வாருங்கள். நூறு முறை ஓடினால் நூறு முறை கூட்டி வருவதுதான் பயிற்சி.

பயிற்சி 4: இன்றைக்கு ஒன்று

படுக்கும் முன்னால் அன்றைக்கு நடந்த நல்லது ஒன்றைச் சொல்லுங்கள். நோட்டில் எழுதலாம், பிள்ளைகளிடம் சொல்லலாம். "பக்கத்து வீட்டு அக்கா குழம்பு கொடுத்தாங்க." "பஸ்ல உக்கார எடம் கெடச்சுது." அவ்வளவு போதும். அமெரிக்காவில் 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வாரம் ஒரு முறை இப்படி நன்றிக்குரிய விஷயங்களைப் பத்து வாரம் எழுதியவர்கள், தொல்லைகளை எழுதியவர்களைவிடத் தம் வாழ்க்கையைப் பற்றி நல்ல மனநிலையில் இருந்தார்கள்.

ஒரே நாளில் பலன் எதிர்பார்க்காதீர்கள். மற்றவர்கள் நலமாக இருக்க வேண்டும் என்று மனதார நினைக்கும் தியானத்தை ஒரு நிறுவன ஊழியர்களுக்குச் சில வாரம் கற்றுக்கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008-இல் வந்தது. அதிலும் நல்ல உணர்வுகள் வாரம் போகப்போக மெல்ல மெல்லத்தான் கூடின. கண் மூடி உட்கார்ந்தால் பழைய பயங்கள் வருகிற சகோதரிகள் கண்ணைத் திறந்தபடியே செய்யலாம். அப்படியும் தொந்தரவாக இருந்தால் நிறுத்திவிடலாம்.

கவனிக்க வேண்டியவை

தண்ணீர் தெளிப்பதோடு நின்றுவிட்டால் போதாது என்று முன்னாலேயே சொன்னோம். அடுப்பைத் தணிக்க வேண்டும்.

* அடி வாங்கும் பெண்ணிடம் "மூச்சுப் பயிற்சி செய், நல்லதையே நினை" என்று சொல்லக் கூடாது. அது அவளை அடிக்குள்ளேயே இருக்கச் சொல்வது மாதிரி. பெண்கள் உதவி எண் 181-ஐ அழைக்க உதவுங்கள். கூடப் போங்கள்.

* வட்டிக்கு மேல் வட்டி கட்டி வருகிறவருக்குத் தேவை முதலில் கணக்கு. எவ்வளவு வாங்கினார், எவ்வளவு கட்டினார், எந்தக் கடனை முதலில் மூடலாம் என்று உட்கார்ந்து எழுதுங்கள்.

* இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமே இல்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, எதிலும் ஆர்வம் இல்லை, அழுகை நிற்கவில்லை என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாதிரி அதற்கும் வைத்தியம் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரிடம் சொல்லுங்கள்.

* "செத்துடலாம் போல இருக்கு" என்று யாராவது சொன்னால் விளையாட்டாக எடுக்காதீர்கள். தனியாக விடாதீர்கள். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற இலவச மனநல உதவி எண் 14416. தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டின் 104 எண்ணையும் அழைக்கலாம்.

* "ஒரு கெட்ட எண்ணத்துக்கு மூன்று நல்ல எண்ணம் வேண்டும்" என்று சில பயிற்சிகளில் சொல்லிக் கொடுப்பார்கள். 2005-இல் வெளியான அந்தக் கணக்குச் சூத்திரம் தவறு என்று 2013-இல் மற்ற அறிஞர்கள் நிரூபித்துவிட்டார்கள். நல்ல எண்ணத்தை எண்ணிக்கை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

குழு என்ன செய்யலாம்?

ஆபத்து வந்தால் உடம்பு ஓடவோ எதிர்க்கவோ தயாராகிறது என்று பார்த்தோம். 2000-ஆம் ஆண்டில் ஷெல்லி டெய்லர் என்ற அமெரிக்கப் பேராசிரியையும் அவர் குழுவினரும் அதோடு இன்னொன்றைச் சேர்த்தார்கள். பெண்கள் நெருக்கடியில் பிள்ளைகளை அணைத்துக்கொள்வதும், மற்ற பெண்களோடு கூடிக்கொள்வதும் உடம்பின் இயல்பான வழிகள்தான் என்றார்கள். பிரச்சினை வந்தால் பக்கத்து வீட்டுத் திண்ணைக்குப் போய் உட்காருகிறோமே, அது வெட்டிப் பேச்சு இல்லை!

ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டின் தலைநகர் ஹராரேயில், டிக்சன் சிபண்டா என்ற மனநல மருத்துவர் 2006-இல் ஒரு வேலையைத் தொடங்கினார். அந்த நாட்டில் மனநல டாக்டர்கள் ரொம்பக் குறைவு. அதனால் ஊரிலுள்ள பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார். அங்கே மன அழுத்தத்துக்கு மக்கள் சொல்லும் வார்த்தைக்கு "அதிகமாக யோசித்தல்" என்று அர்த்தம். நாமும் "ரொம்ப யோசிக்காத" என்றுதானே சொல்கிறோம்! ஆனால் அந்தப் பாட்டிகள் அப்படிச் சொல்வதில்லை. முழுதாகக் கேட்பார்கள். அப்புறம், இருக்கிற பிரச்சினைகளில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்லி, அதற்கு இந்த வாரம் செய்யக்கூடிய ஒரு வேலையை அவர்களையே கண்டுபிடிக்க வைப்பார்கள். பிறகு பெண்கள் குழுவாகச் சேர்ந்து பை பின்னிக்கொண்டே பேசுவார்கள். இப்படி உதவி பெற்றவர்களுக்கு ஆறு மாதத்துக்குப் பிறகு மனச்சோர்வு நன்றாகக் குறைந்திருந்தது என்று 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது.

பாட்டிமார் பெஞ்சில் செய்ததை நாம் பாயில் உட்கார்ந்து செய்யலாம்.

1. கூட்டத்தின் முதல் பத்து நிமிடம் பணப் பேச்சு வேண்டாம். இரண்டு நிமிடம் நீண்ட மூச்சு. பிறகு ஒவ்வொருவரும் இந்த வாரம் ஒரு பாரம், ஒரு நல்லது சொல்லட்டும். பேச விரும்பாதவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

2. ஒருவர் பேசும்போது குறுக்கே புத்தி சொல்லக் கூடாது. "எனக்கு இத விடக் கஷ்டம்" என்று போட்டி போடவும் கூடாது.

3. கூட்டத்தில் கேட்டது கூட்டத்தோடு போக வேண்டும். குழாயடியில் பேசினால் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

4. தொடர்ந்து இரண்டு கூட்டத்துக்கு வராதவர் வீட்டுக்கு இரண்டு பேர் போக வேண்டும். முதல் முறை தவணையைக் கேட்காமல் ஆளை விசாரியுங்கள்.

5. நிலுவை வைத்தவர் பெயரை எல்லோர் முன்னாலும் வாசித்து அவமானப்படுத்த வேண்டாம். காரணம் கேட்டு, தவணையை மாற்றி அமைக்க முடியுமா என்று தீர்மானம் போடுங்கள்.

கலந்துரையாட

1. உங்கள் உடம்பில் மன அழுத்தம் முதலில் எங்கே தெரியும்? தலையிலா, வயிற்றிலா, நெஞ்சிலா?

2. போன வாரம் உங்களைச் சிரிக்க வைத்தது எது?

3. உங்கள் கவலைகளில் தண்ணீர் தெளித்தால் போதுமானது எது? அடுப்பையே தணிக்க வேண்டியது எது?

4. நம் குழுவில் யாராவது கொஞ்ச நாளாகப் பேசாமல் இருக்கிறார்களா?

அந்தச் சகோதரிக்கு என்ன ஆனது?

அடுத்த வாரம் ஊக்குநர் மறுபடியும் போனார். இந்த முறை அறிவுரை சொல்லவில்லை. ஒரு மணி நேரம் கேட்டார். பேசி முடித்த பிறகுதான் அந்தச் சகோதரிக்கே ஞாபகம் வந்தது. மாட்டின் காதில் மாட்டியிருந்த வில்லையைக் கழற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தார். அவ்வளவு நாளும் அதைத் தேடவே தோன்றவில்லை! வில்லையையும், கால்நடை மருத்துவர் கொடுத்த பிரேதப் பரிசோதனைச் சான்றையும் சேர்த்துக் காப்பீட்டு விண்ணப்பம் போட்டார்கள். குழு அவருடைய தவணையைப் பாதியாகக் குறைத்து, கட்டும் காலத்தை நீட்டித் தீர்மானம் எழுதியது.

காப்பீட்டுப் பணம் இன்னும் கைக்கு வரவில்லை. கடனும் முடிந்துவிடவில்லை. ஆனால் அவர் இப்போது கூட்டத்துக்கு வருகிறார். "ராத்திரி முழிப்பு இன்னும் வருதுக்கா. நெஞ்சும் அடிக்குது. டீ ஊதற மாதிரி ஊதிக்கிட்டே இருப்பேன், கொஞ்ச நேரத்துல அடங்கிடுது. விடிஞ்சா பேச நீங்கல்லாம் இருக்கீங்கன்னு தெரியும்ல" என்றார்.

அடுத்த கூட்டத்தில் முதல் பத்து நிமிடத்தை ஒதுக்கிப் பாருங்கள். என்ன நடந்தது என்று தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி எழுதி வையுங்கள். கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது எங்களிடமும் சொல்லுங்கள்.